ஒருவருக்குக் கங்கைகொண்டானில் வேலை, இன்னொருவருக்கு வள்ளியூரில். நான்கு வயதுக் குழந்தையோடு திருநெல்வேலியில் எங்கே வீடு பார்க்கலாம்?

உங்கள் கேள்வியில் சொல்லியிருப்பதை வைத்துப் பேசுகிறேன். கணவருக்குக் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் பகல் வேலை, பைக்கில் போய்வருவார். உங்களுக்கு வள்ளியூரில் வங்கி வேலை, பஸ் அல்லது ரயில்தான். மகளை இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கவேண்டும். வாடகை 12,000-க்குள். அவருக்கு வடக்கே 20 கிலோமீட்டர் சொச்சம், உங்களுக்குத் தெற்கே 45 கிலோமீட்டர் சொச்சம். "ரெண்டு பேருக்கும் நடுவில் எந்த ஏரியா?" என்று கேட்கிறீர்கள்.

அந்த நடுவைத் தேடிப்போய் ஒன்றரை வருஷம் அவதிப்பட்டவள் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குத் தூத்துக்குடியில் கல்லூரி வேலை. இவருக்குச் சேரன்மகாதேவியில் அலுவலகம். கல்யாணமான புதிதில் குடியேறியது டவுனில், மேலரதவீதிக்குப் பின்னால், பல குடும்பங்கள் ஒரே வாசலுக்குள் குடியிருக்கிற ஒரு வளவில். வீடென்றால் அது வீடு. தார்சா என்கிற முன்தாழ்வாரம், பட்டாசல் என்கிற கூடம், அடுக்களை, பின்னால் பாத்திரம் கழுவ அங்கணம், புறவாசலில் ஒரு முருங்கை. இவர் காலையில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு டவுன் ஸ்டேஷனுக்கு நடந்துபோய்ச் செங்கோட்டை ரயிலைப் பிடிப்பார். நான் அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பி ஆர்ச், ஈரடுக்கு மேம்பாலம், ஜங்ஷன், சுலோசன முதலியார் பாலம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி என்று ஊரையே ஒரு தடவை எண்ணி முடித்துப் பாளை (பாளையங்கோட்டை) பஸ் ஸ்டாண்டில் தூத்துக்குடி பஸ் ஏறவேண்டும். தூத்துக்குடியிலிருந்து பாளைக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். பாளையிலிருந்து டவுனுக்கு வர முக்கால் மணி நேரம். முதலாவது கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், இரண்டாவது பத்துகூட இருக்காது. வெளியூர்ப் பயணம் ஆளைக் கொல்லாது, ஊருக்குள் வந்தபிறகு வரும் அந்தக் கடைசிப் பகுதிதான் கொல்லும் என்பது அப்போது புரிந்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். என் கல்லூரி அடுத்த மாவட்டம், எனக்கு லீவு கிடையாது. தேர் ஓடுகிற வீதிக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு, தேரன்று அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேலைக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆகஸ்ட் 5-ஆம் தேதி தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா. அன்றைக்கு எனக்கு லீவு, இவருக்கு வேலை. உங்கள் இரண்டு ஊரும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே வருவதால் இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

மகள் பிறந்து ஒன்றேகால் வயதில் அவளை டவுனிலேயே ஒரு டே கேரில் விட்டேன். ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சுலோசன முதலியார் பாலத்தின் மேல் பஸ் அசையாமல் நிற்கிறது. 1843-ல் மாட்டுவண்டிக்குக் கட்டிய பாலம், பக்கத்தில் புதுப்பாலம் அப்போது கிடையாது. போன் வந்தது. "பாப்பாவுக்கு காய்ச்சல் அடிக்கு, கண்ணு சொருகுதும்மா, வெரசா வாங்க." இறங்கி ஓடலாம் என்றால் ஜங்ஷன் வரைக்கும் வண்டிகள் நிற்கின்றன. இவருடைய ரயில் அப்போதுதான் சேரன்மகாதேவியை விட்டுக் கிளம்பியிருந்தது. கடைசியில் எங்கள் வளவில் இருந்த ஆச்சிக்குப் போன் போட்டேன். எழுபது வயசு. செருப்புகூடப் போடாமல் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டார். நான் போய்ச் சேரும்போது மருந்து கொடுத்து, ஆச்சி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் அவசரத்துக்கு ஓட ஆச்சியைத் தவிர ஆளில்லை.

சரி, டவுன் வேண்டாம், இரண்டு பேருக்கும் நியாயமாக நடுவில் பார்ப்போம் என்று மேப்பை விரித்து உட்கார்ந்தோம். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டி மேலப்பாளையம் பக்கம் வாடகை குறைவாக ஒரு வீடு கிடைத்தது. சேரன்மகாதேவி பஸ் வாசலில் நிற்கும். பாளை பஸ் ஸ்டாண்ட் ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். வீட்டுக்காரர், "கேட்டா? எப்பவாவது மூடுவாங்க" என்றார். நாங்கள் வீடு பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கேட் திறந்து கிடந்தது, ஊரே தூங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில்தான் கேட் தன் முகத்தைக் காட்டியது. நாகர்கோவில் லைனில் போகிற வருகிற ரயில் எல்லாம் அந்த வழிதான். கேட் விழுந்ததும் ஆளாளுக்கு வண்டியை அணைத்துவிட்டுக் கால் ஊன்றி நிற்பார்கள். முன்னால் பள்ளிக்கூட வேன், பக்கத்தில் பால்கேன் கட்டிய எக்ஸெல், வேன் ஜன்னலில் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்ட ஒரு பையன். ஒரு ரயில் போகும், கேட் ஏறாது. எதிர்ப்பக்கத்து ரயிலுக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். கடைசியில் திறக்கும்போது இரண்டு பக்கத்து வண்டியும் ரோடு முழுக்க அடைத்து நிற்பதால் யாரும் யாரையும் கடக்க முடியாது. டே கேர் கேட்டுக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். காலையில் எனக்குப் பஸ் போய்விடும், சாயங்காலம் டே கேர் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். மேப்பில் அந்தக் கேட் ஒரு சின்னக் கோடுதான்.

அப்புறம்தான் மகாராஜநகர் வந்தோம். காரணம் ஒன்றே ஒன்று, என் சித்தி வீடு அங்கே இருந்தது. இரண்டு தெரு தள்ளி மாடி வீடு, பள்ளி நடக்கிற தூரம். உழவர் சந்தை பக்கத்தில், ஆகவே காய்கறிக்கு ஒரு பயணம் மிச்சம். நான் தூத்துக்குடி பஸ்ஸில் கே.டி.சி. நகரிலேயே இறங்கி, அங்கே நிறுத்திவைத்த ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், ஊருக்குள் நுழையவே வேண்டாம். அடி இவருக்குத்தான். முன்பு நடந்துபோய் ரயில் ஏறியவர் இப்போது ஜங்ஷன் வரைக்கும் பைக்கில் போகவேண்டியிருக்கிறது. ஒரு மாசம் புலம்பினார். ஆனால் மகள் பள்ளி விட்டதும் சித்தி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறாள். சாயங்காலம் பஸ் லேட்டானால் எனக்கு இப்போது கோபம் வருகிறது, பயம் வருவதில்லை.

அதனால் என் கணக்கு இதுதான். வீட்டை உங்கள் ஆபீஸிலிருந்தோ அவர் கம்பெனியிலிருந்தோ அளக்காதீர்கள். பிள்ளை பகலெல்லாம் எங்கே இருக்கும், அவசரத்துக்கு அவளை யார் தூக்குவார்கள், அந்த இரண்டிலிருந்தும் நடந்துபோகிற தூரத்தை அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு, யாருக்குத் தூரம் அதிகமோ அவருக்குப் பஸ் ஏறும் இடம் பக்கத்தில் இருக்கவேண்டும். இன்னொருவர் விட்டுக்கொடுக்கவேண்டியதுதான். இரண்டு பேரும் பாதிப்பாதி விட்டுக்கொடுப்பது கேட்க நன்றாக இருக்கும், கேட்டில் நின்று பார்த்தால் தெரியும்.

உங்கள் விஷயத்தில் தூரம் அதிகம் உங்களுக்குத்தான், சொந்த வண்டி இல்லாததும் உங்களுக்குத்தான். நான் பெருமாள்புரம் பக்கம் பார்க்கச் சொல்வேன். வேய்ந்தான்குளம் புதுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ போய்விடலாம், நாகர்கோவில் பஸ் அங்கேயிருந்தே தெற்கே போகிறது. கவனிக்க: எண்ட் டு எண்ட் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள், அது வள்ளியூரில் நிற்காது. நிற்கிற பஸ்ஸிலும் ஊருக்குள் போகுமா, நான்குவழிச்சாலையிலேயே இறக்கிவிடுமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். வள்ளியூருக்கு ரயிலும் உண்டு, சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு குறையும். ஆனால் ரயிலை மட்டும் நம்பி ஜங்ஷன் பக்கம் வீடு எடுக்காதீர்கள். அதன் காரணம் கீழே.

அவர் பெருமாள்புரத்திலிருந்து கங்கைகொண்டான் போக வண்ணார்பேட்டை, தச்சநல்லூர் வழியாக ஊருக்குள் நீந்தவேண்டாம். கே.டி.சி. நகர் போய் நான்குவழிச்சாலையில் ஏறினால் தாழையூத்தைக் கடந்து நேரே போய்விடலாம். சில கிலோமீட்டர் கூடும், சிக்னலும் சந்தும் குறையும். லாரி ஓடுகிற ரோடு, ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ஓட்டுகிற ஊர்ப்பழக்கம் அங்கே ஆகாது. கம்பெனி பஸ் உண்டா, எந்த வழியாக வருகிறது என்று வாடகை பேசுவதற்கு முன்பே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

பெருமாள்புரத்தில் உங்கள் தொகைக்கு அமையவில்லை என்றால் அடுத்து என்.ஜி.ஓ. காலனி, தியாகராஜநகர், கே.டி.சி. நகர் பாருங்கள். சங்கர்நகர், தாழையூத்து பக்கம் அவருக்குச் சுகம்தான், ஆனால் நீங்கள் தினமும் முழு நகரத்தையும் கடக்கவேண்டும். நான் டவுனில் பட்ட பாடு அது.

ஜங்ஷன் வேண்டாம் என்றதற்குக் காரணம் தண்ணீர். 2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த ஞாயிற்றுக்கிழமை. அன்று தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். கலெக்டர் ஆபீஸே அதற்குத் தப்பவில்லை. இவருடைய அக்கா வீடு மீனாட்சிபுரத்தில். பட்டாசலில் இடுப்பளவு தண்ணீர், கட்டில் மேல் கட்டில் போட்டு அரிசி மூட்டையை ஏற்றி வைத்திருந்தார்கள். அக்கா மாமியார் மட்டும் அசரவில்லை. "தொண்ணூத்திரண்டுல இதைவிடக் கூட வந்துச்சு, இந்தா இந்த இடம் வரைக்கும்" என்று சுவரில் கை வைத்துக் காட்டினாராம். 1992 வெள்ளத்தைச் சொல்கிறார். ஆற்றங்கரையில் வீடு பார்த்தால் இப்படி ஒரு கிழவியைத் தேடிப்பிடித்து விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். புரோக்கர் சொல்லமாட்டார்.

ஆறு மட்டுமல்ல, குளமும்தான். நம் ஊரில் பேரிலேயே எல்லாம் இருக்கிறது. புதுப் பஸ் ஸ்டாண்ட் நிற்கிற இடத்தின் பேரே வேய்ந்தான்குளம். பெருமாள்புரத்திலும் தெருவுக்குத் தெரு மேடு பள்ளம் மாறும், ஆகவே ஏரியா பேரைக் கேட்டுத் திருப்தி அடையாமல் தெருவை விசாரியுங்கள். பாளையங்கால்வாய் பக்கம் என்றால் மழைக்கு மட்டுமல்ல, கொசுவுக்கும் சேர்த்து விசாரிக்கவேண்டும். முடிந்தால் மாடி வீடு எடுங்கள்.

பள்ளி பற்றி ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமே இல்லை, தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமை பேசுகிற ஊர். அதனாலேயே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். நாலு வயசுப் பிள்ளைக்குப் பேர்பெற்ற பள்ளி வேண்டாம், பக்கத்துப் பள்ளி போதும். வேனில் முக்கால் மணி நேரம் சுற்றி வந்தால் பிள்ளை வீட்டுக்கு வரும்போது ஷூவோடு தூங்கிவிடும். ஆறாம் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

உங்களுக்கு இங்கே சித்தி, அத்தை யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தனி வீட்டைவிட, கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிற மாடி வீடாகப் பாருங்கள். வயசானவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஆணி அடிக்காதே, தண்ணீர் மோட்டாரை இத்தனை மணிக்கு மேல் போடாதே என்று நச்சரிப்பார்கள்தான். போய்ப் பேசும்போதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த வீட்டு ஆச்சி அவளிடம் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். நான் டைல்ஸைவிட அதைத்தான் பார்ப்பேன்.

ஏப்ரல், மே மாதத்தில் மாறுதல் வாங்கிப் போகிறவர்களால் வீடு காலியாகும். புரோக்கருக்கு முன்னால் நீங்களே ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பெருமாள்புரம் தெருக்களில் நடந்து, கேட்டில் தொங்குகிற 'வாடகைக்கு' அட்டைகளைப் பாருங்கள். பிடித்த வீட்டு வாசலிலிருந்து அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வள்ளியூர் வரைக்கும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.