எல்டன் ரிங்: எந்த பில்டுக்கு எந்த ஆயுதம்? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் பற்றியவை. ஆயுதம் தேர்வு செய்வது பற்றியும், ஆயுதத்துக்காகப் பணம் இழந்தது பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களை இடத்துக்கேற்பச் சுருக்கியிருக்கிறேன். புதியவர்களுக்கு: பில்ட் என்பது, லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளை ஸ்ட்ரெங்த் (பலம்), டெக்ஸ் (லாகவம்), இன்ட் (அறிவு), ஃபெயித் (நம்பிக்கை), ஆர்கேன் (மறைசக்தி), விகர் (உயிர்) போன்ற திறன்களில் எப்படிப் பிரித்துப் போடுகிறோம் என்பது.

கே: ஸ்ட்ரெங்த் 24 வைத்திருக்கிறேன். கேலிட் பகுதியில் வண்டிப் பெட்டியிலிருந்து கிரேட்ஸ்வோர்டு எடுத்தேன். அது 31 கேட்கிறது. இன்னும் ஏழு லெவல் ஏற்றியாக வேண்டுமா? (திருச்சி)

வேண்டாம். இரண்டு கையால் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும். உங்கள் 24, 36 ஆகிவிடும். இந்த வாளுக்கு 21 இருந்தாலே போதும். டெக்ஸ் 12 மட்டும் முழுதாக இருக்க வேண்டும், அதற்கு இந்தச் சலுகை கிடையாது. பிளேஸ்டேஷனில் முக்கோணத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆர்1, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஒய்-யைப் பிடித்துக்கொண்டு ஆர்பி.

இனி செய்ய வேண்டியது: ஸ்டார்ம்வேல் கோட்டைக்குள் இருக்கும் அயர்ன் வெட்பிளேடை எடுங்கள். அதன்பின் ஆஷ் ஆஃப் வார் (ஆயுதத்துக்குச் சிறப்புத் திறன் தரும் பொருள்) மாட்டும்போது ஹெவி அஃபினிட்டி (எந்தத் திறனால் டேமேஜ் ஏறும் என்பதை மாற்றும் வகை) தேர்வு செய்ய முடியும். ஸ்ட்ரெங்த் ஸ்கேலிங், அதாவது ஸ்ட்ரெங்துக்கேற்பக் கூடும் டேமேஜ், ஏறும். எப்போதும் இரண்டு கையால் அடிப்பவர் என்றால் ஸ்ட்ரெங்தை 54-இல் நிறுத்திவிடலாம். ஒன்றரை மடங்கில் அது 81. 80-க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது சொற்பம். மிச்ச லெவல்களை விகரில் போடுங்கள். 40 வரை கட்டாயம், 60 வரை தாராளமாக. ஒரு எச்சரிக்கை: கைக்கொரு வாள் வைத்தால் இந்த ஒன்றரை மடங்கு வராது.

கே: புது ஆயுதம் மாட்டியதிலிருந்து உருளும்போது தொப்பென்று விழுகிறேன். விளையாட்டில் கோளாறா? (வேலூர்)

கோளாறு இல்லை. சுமை 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. கையில் எடுக்காமல் மற்ற கட்டங்களில் செருகி வைத்திருக்கும் ஆயுதங்களின் எடையும் சேரும். முதலில் அவற்றைக் கழற்றுங்கள்.

கே: எல்லாப் பட்டியலிலும் ரிவர்ஸ் ஆஃப் பிளட் என்ற வாள்தான் முதலிடம். அதற்காகவே இணையத்தில் ஒருவரிடம் கெஞ்சி வாங்கினேன். நான் +9 வரை மேம்படுத்திய ஊச்சிகட்டானா வாள் அடிக்கும் அளவுகூட இது அடிக்கவில்லை. ஸ்ட்ரெங்த் 14, டெக்ஸ் 25, ஆர்கேன் 9. (மதுரை)

அந்த ஆயுதம் கேட்பது ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ் 18, ஆர்கேன் 20. உங்களிடம் ஆர்கேன் 9. தகுதி எட்டாத ஆயுதத்தின் டேமேஜ் பாதாளத்துக்குப் போகும். ஆயுதத் திரையிலேயே அந்த எண் சிவப்பில் காட்டப்படுகிறது. வாங்கும் முன் அதைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

ஆனால் உங்களை இதில் தள்ளிவிட்டவர்கள் 'சிறந்த பத்து ஆயுதங்கள்' பட்டியல் போடுபவர்கள். அவர்களைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் குறை, எந்தத் தேதியில், விளையாட்டின் எந்தத் திருத்தத்துக்கு (பேட்ச்) பிறகு எழுதியது என்று பட்டியலில் இருப்பதில்லை. விளையாட்டு வந்தது 2022 பிப்ரவரி 25. அடுத்த மாதமே 1.03 திருத்தம் வந்து ஸ்வோர்டு ஆஃப் நைட் அண்ட் ஃப்ளேமின் சக்தியையும், ஹோர்ஃப்ராஸ்ட் ஸ்டாம்பையும், மிமிக் டியரையும் குறைத்தது. ரிவர்ஸ் ஆஃப் பிளட்டின் கார்ப்ஸ் பைலர் என்ற சிறப்பு அடியும் பின்னால் வந்த திருத்தத்தில் குறைக்கப்பட்டது. பழைய பட்டியல்களோ அப்படியே சுற்றுகின்றன. நான் பணம் கொடுத்து வாங்கிய ஒரு மின்வழிகாட்டியிலும் எல்லா எண்களும் திருத்தத்துக்கு முந்தியவை. அட்டையில் மட்டும் புது ஆண்டு போட்டிருந்தார்கள்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. ஆயுதத்தின் உண்மையான விலையைப் பட்டியல் சொல்வதில்லை. இந்த விளையாட்டில் ஆயுதத்தின் விலை, அதை ஏற்ற (மேம்படுத்த) ஆகும் ஸ்மிதிங் ஸ்டோன் என்ற கல். சாதாரண ஆயுதம் +25 வரை ஏறும். ஒவ்வொரு தரக் கல்லிலும் 2, 4, 6 என மூன்று படிகளுக்கு 12 கல் வேண்டும். எட்டுத் தரத்துக்கு 96 கல், கடைசிப் படிக்கு ஒரு ஏன்ஷியன்ட் டிராகன் ஸ்மிதிங் ஸ்டோன். ரிவர்ஸ் ஆஃப் பிளட், மூன்வேல் போன்ற சிறப்பு ஆயுதங்கள் சோம்பர் கல்லில் ஏறுபவை. +10 வரைதான், படிக்கு ஒரே கல். ஆகவே சோம்பர் ஆயுதத்தின் ஒரு படி, சாதாரண ஆயுதத்தின் இரண்டரைப் படிக்குச் சமம். உங்கள் ஊச்சிகட்டானா +9-இல் இருக்கிறது. சோம்பர் கணக்கில் அது ஏறக்குறைய +4-க்கு நிகர். +0-வில் வந்த ரிவர்ஸ் ஆஃப் பிளட் தகுதி எட்டியிருந்தாலும் அதனோடு போட்டி போட முடியாது. 'எந்த ஆயுதம் சிறந்தது' என்பதற்கு, 'எந்த லெவலில், எத்தனை கல் கையில் இருக்கும்போது' என்று திருப்பிக் கேட்காத எந்தப் பட்டியலும் உங்களுக்கு உதவாது.

இப்போதைக்கு ஊச்சிகட்டானாவை விடாதீர்கள். டெக்ஸ் 25 நல்ல அடித்தளம். கீன் அஃபினிட்டி (டெக்ஸ் ஸ்கேலிங்கைக் கூட்டுவது) போட்டு அதையே ஏற்றுங்கள். ராயா லூகாரியா கிரிஸ்டல் டனலில் பாஸை (பெரிய எதிரியை) வீழ்த்தினால் கிடைக்கும் மணியை ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸ் என்ற வியாபாரிகளிடம் கொடுத்தால், 1, 2 தரக் கற்களை அங்கேயே ரூன் (விளையாட்டின் நாணயம்) கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். ஆர்கேன் பக்கம் போக முடிவு செய்தால் ராயா லூகாரியாவின் ராணி ரென்னாலாவிடம் லார்வல் டியர் (கண்ணீர்த்துளி) ஒன்று கொடுத்துப் புள்ளிகளை மாற்றி அடுக்குங்கள். அந்தக் கண்ணீர்த்துளிகள் அளவாகவே கிடைக்கும், யோசித்துச் செலவழியுங்கள்.

கே: ரத்தம் வடியவைக்கும் பில்டுக்காக ஊச்சிகட்டானாவில் பிளட் அஃபினிட்டி போட்டேன். டேமேஜ் குறைந்துவிட்டதே? டெக்ஸ் 40, ஆர்கேன் 10. (யாழ்ப்பாணம்)

பிளட் அஃபினிட்டி டெக்ஸின் பங்கைக் குறைத்து ஆர்கேனுக்குப் பங்கு கொடுக்கிறது. உங்களிடம் ஆர்கேனே இல்லை. கொடுத்தது போக வந்தது ஒன்றுமில்லை. ஊச்சிகட்டானாவுக்குப் பிறவியிலேயே 45 அளவுக்கு ரத்தப்போக்கு உண்டு. கீனுக்குத் திரும்பினாலும் அது அப்படியே இருக்கும். டெக்ஸ் 40-உடன் கீன் போட்டு, வேண்டும்போது பிளட் கிரீஸ் (ரத்தப்போக்கைக் கூட்டும் பூச்சு) தடவிக்கொள்ளுங்கள்.

அஃபினிட்டி மாற்றக் கட்டணம் இல்லை. கிரேஸில் (ஓய்விடத்தில்) உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்தினால் வலப்பக்கம் எண்கள் மாறும். உறுதி செய்யும் முன் அங்கே பாருங்கள். பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மேஜிக், ஃபயர் போன்றவை போட்டால் எண் இரண்டாகப் பிரியும். 500 என்பது 250-உம் 250-உம் என்றால், எதிரியின் தடுப்பு இரண்டையும் தனித்தனியாகக் கழிக்கும். ஒரே வகையில் 460 காட்டும் வாள் பல எதிரிகளிடம் அதைவிட நன்றாக அடிக்கும்.

கே: ஸ்ட்ரெங்த், டெக்ஸ் இரண்டையும் சேர்த்து ஏற்றும் குவாலிட்டி பில்ட் எடுக்கலாமா? (சேலம்)

லெவல் 150-ஐத் தாண்டிப் போகிறவர் எடுக்கலாம். அதற்குள் முடிப்பவர் ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ், ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள்.

கே: மந்திரவாதி பில்ட். இன்ட் 28. ரூன் சேர்த்து நல்ல மந்திரக்கோலாக வாங்கலாம் என்றால் எந்த வியாபாரியிடமும் பெரிதாக இல்லை. (கோயம்புத்தூர்)

வாங்கவே வேண்டாம். கேலிட் சதுப்பில் இருக்கும் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் இடிபாடுகளுக்குப் போங்கள். மீட்டியரைட் ஸ்டாஃப் அங்கே இருக்கிறது. இன்ட் 18 போதும், ஸ்கேலிங் முதல் நாளிலிருந்தே எஸ் (உச்சத் தரம்). அதே இடிபாடுகளின் நிலவறைப் பெட்டியில் ராக் ஸ்லிங் மந்திரம். இந்தக் கோல் ஈர்ப்பு மந்திரங்களுக்கு 30 சதவீதம் கூடுதல் வலு தரும், ராக் ஸ்லிங் அந்த வகையைச் சேர்ந்தது. அதோடு அதன் அடி மேஜிக் வகை இல்லை, உடல் அடி. மந்திரம் தாங்கும் எதிரிகளிடமும் வேலை செய்யும். சதுப்பில் ஸ்கார்லெட் ராட் என்ற உயிரைக் குறைக்கும் நோய் பிடிக்கும். குதிரையில் போய், எடுத்ததும் கிளம்பிவிடுங்கள்.

இந்தக் கோலை ஏற்ற முடியாது. அதுவே அதன் லாபம், அதுவே அதன் எல்லை. கல் செலவே இல்லாமல் நடு ஆட்டம் வரை ஓட்டலாம். இன்ட் 52-க்குப் பிறகு லூசாட்ஸ் கிளிண்ட்ஸ்டோன் ஸ்டாஃப், 60-இல் ரென்னாலாவின் நினைவைக் (பாஸை வீழ்த்தினால் கிடைக்கும் 'ரிமெம்பரன்ஸ்' என்ற பொருள்) கொடுத்து வாங்கும் கேரியன் ரீகல் செப்டர். லூசாட்ஸ் வலுவைக் கூட்டும், ஆனால் எஃப்பி (மந்திர ஆற்றல்) செலவையும் ஒன்றரை மடங்காக்கும். எஃப்பி அளவைத் தரும் மைண்ட் திறன் குறைவாக இருப்பவர் நீண்ட சண்டையில் திணறுவார். அப்போதும் மீட்டியரைட்டைத் தூக்கிப் போடாமல் இடக்கையில் வைத்துக்கொள்ளுங்கள், ராக் ஸ்லிங்குக்கு அந்த 30 சதவீதம் தொடர்ந்து கிடைக்கும்.

கைச்சண்டைக்கு டெக்ஸ் 18 இருந்தால் கேல் டனலில் மூன்வேல் (இன்ட் 23). டெக்ஸ் ஏற்ற விருப்பமில்லை என்றால் ரானியின் கதையை முடித்து டார்க் மூன் கிரேட்ஸ்வோர்டு (ஸ்ட்ரெங்த் 16, டெக்ஸ் 11, இன்ட் 38).

கே: ஃபெயித் பில்ட். ஹோலி (புனித) டேமேஜ் வாளை +25 ஆக்கிவிட்டேன். கடைசி பாஸிடம் குத்தினால் கீறல்கூட விழவில்லை. மனசு விட்டுப்போச்சு. (கொழும்பு)

உங்கள் மேல் தப்பில்லை. ஃபெயித் என்றால் ஹோலி என்று விளையாட்டே ஆரம்பத்திலிருந்து நம்பவைக்கிறது. ஆனால் கடைசியில் வரும் ரடகானும் எல்டன் பீஸ்டும் அந்த வகை அடியைப் பெருமளவு தாங்கிக்கொள்பவர்கள். செய்த செலவு வீண் போகவில்லை. அதே வாளுக்கு ஃப்ளேம் ஆர்ட் அஃபினிட்டி போடுங்கள். அதுவும் ஃபெயித்தில்தான் ஸ்கேல் ஆகும், +25 அப்படியே இருக்கும். ரெட்மேன் கோட்டையில் ரெட்-ஹாட் வெட்பிளேடு எடுத்திருக்க வேண்டும். எல்டன் பீஸ்டிடம் நெருப்பு நன்றாக ஏறாது, ஹோலியைவிட நிச்சயம் மேல். ரடகானிடம் வித்தியாசம் உடனே தெரியும்.

ரைகார்ட் என்ற பாஸை வீழ்த்தியவர் என்றால் அவன் நினைவை ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் என்யாவிடம் கொடுத்து பிளாஸ்ஃபமஸ் பிளேடு வாங்குங்கள். ஸ்ட்ரெங்த் 22, டெக்ஸ் 15, ஃபெயித் 21. சோம்பர் ஆயுதம். எதிரி செத்தால் உங்கள் உயிர் கொஞ்சம் ஏறும்.

கே: ரைகார்டின் நினைவை ரூனாக உடைத்துவிட்டேன். திரும்பக் கிடைக்குமா? (திண்டுக்கல்)

கிடைக்காது. அடுத்த சுற்றில்தான்.

கே: ரூன் மலிவு விலையில் தருகிறேன் என்று ஒரு சமூக ஊடகப் பக்கம் சொன்னது. யுபிஐ-இல் பணம் அனுப்பினேன். "ரூன் ஏற்ற வேண்டும்" என்று கணக்கின் பாஸ்வேர்டும் கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது கணக்கும் போனது, அவர்களும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. (நெல்லை)

முதலில் வீட்டில் சொல்லுங்கள். திருடியவர் அவர்; நீங்கள் ஒளிய வேண்டியதில்லை. பணம் போனதை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் இன்றே பதியுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்தப் பணம் வேறு கணக்குக்கு நகரும். யுபிஐ பரிவர்த்தனை எண், அந்தப் பக்கத்தின் முகவரி, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், மூன்றையும் எடுத்து வையுங்கள். வங்கிக்கும் புகார் கொடுங்கள்.

கணக்கை மீட்க, விளையாட்டுத் தளத்தின் உதவிப் பக்கத்தில் முதன்முதலில் நீங்கள் வாங்கியதற்கான ரசீதை இணைத்து எழுதுங்கள்; பழைய ரசீதுதான் உங்களுக்குச் சாட்சி. அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். கணக்கு திரும்பியதும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

மற்றவர்களுக்கு: ஒழுங்காக ரூன் தரும் விற்பனையாளர் கிடைத்தாலும் வாங்காதீர்கள். முறைகேடாக உருவாக்கிய பொருள் உங்கள் சேமிப்பில் இருந்தால் ஆன்லைன் ஆட்டத்திலிருந்து தடை வரலாம். தடை விழுவது உங்கள் கணக்குக்கு, விற்றவருக்கு அல்ல.

கே: ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கம் வாங்கினேன். உள்ளே போக வழியே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (சென்னை)

மூல விளையாட்டின் பாஸ்களான ரடானையும் மோகையும் வீழ்த்தினீர்களா? இல்லை என்றால் வழி திறக்காது. இதை வெளியீட்டுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள்; வாங்கிய பிறகு படிப்பது என்ன பழக்கம்? ஸ்டீமில் வாங்கியிருந்தால், வாங்கி 14 நாளுக்குள், வாங்கியதிலிருந்து மூல விளையாட்டை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். பிளேஸ்டேஷனில் டவுன்லோடு தொடங்கியிருந்தால் பொதுவாகக் கிடைக்காது.

வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே +25 வாளும் மொக்கையாகத் தெரியும். அதற்குக் காரணம் வாள் அல்ல. அந்த நிலத்தில் உங்கள் தாக்குதலையும் தற்காப்பையும் ஏற்றுவது ஸ்காடுட்ரீ ஃபிராக்மென்ட். 50 துண்டுகள் சேர்த்தால் அதிகபட்சமான 20 வரை ஏறும். பாஸிடம் முட்டிக்கொண்டு புது ஆயுதம் தேடுவதற்கு முன் துண்டுகளைத் தேடுங்கள். டெக்ஸ் பில்டுக்குப் புது ஆயுதமே வேண்டும் என்றால் கேஸில் என்சிஸில் இருக்கும் மிலேடியை எடுங்கள். ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ் 17 போதும்; சாதாரண கல்லில் ஏறும், அஃபினிட்டியும் மாற்றலாம்.

கே: ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கத்துடன் வரும் டிஸ்க் பெட்டியை ஒரு கடையில் செகண்ட்ஹேண்டாக வாங்கினேன். டிஸ்க் ஓடுகிறது, விரிவாக்கத்துக்கான கோடு (டவுன்லோடு செய்யும் குறியீடு) "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்கிறது. (ஈரோடு)

கடைக்காரர் உங்களை ஏமாற்றியிருக்கலாம். கோடு ஒரே ஒரு கணக்கில், ஒரே ஒரு முறைதான் ஏறும்; முதலில் வாங்கியவர் அதை ஏற்றியிருப்பார். பழைய பெட்டியில் வருவது மூல விளையாட்டு மட்டுமே. விரிவாக்கமும் சேர்த்து என்று சொல்லியோ, பில்லில் எழுதியோ விற்றிருந்தால் வித்தியாசத் தொகையைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பில், பெட்டியின் படம், கோடு மறுக்கப்பட்ட திரையின் படம் ஆகியவற்றோடு முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பில் தராமல் விற்றிருந்தால் பணம் அனுப்பிய யுபிஐ பதிவை இணையுங்கள், அதுவும் ஆதாரம்தான்.