உடம்பு சரியில்லாத நாய் திடீரென்று இறந்துவிட்டது. குற்ற உணர்ச்சி தாங்க முடியவில்லை, என்ன செய்வது?

உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்கள் நாய், தேறி வருகிறது என்று நீங்கள் நம்பிய நேரத்தில் ஒரே இரவில் போய்விட்டது. மூக்கில் இரத்தம் வந்ததைப் பார்த்தும், சம்பளம் போட்டதும் மறுபடி டாக்டரிடம் காட்டலாம் என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். "நான்தான் கொன்றுவிட்டேன்" என்ற உங்கள் வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது நாய், பூனை பார்க்கும் ஒரு கிளினிக்கில் உதவியாளர் வேலை. இதே வரியை எங்கள் கவுண்டரில் நின்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செம்பனை லாரி ஓட்டுபவரும் சொல்லியிருக்கிறார், பள்ளிக்கூட ஆசிரியையும் சொல்லியிருக்கிறார். அவர்கள் எல்லாருமே மாத்திரையைச் சோற்றில் மறைத்து மறைத்து ஊட்டியவர்கள்தான்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்வதில் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் அடங்கும். அதில் முக்கியமானது எர்லிக்கியா என்ற கிருமியால் வருவது. பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது அது உடம்புக்குள் போகிறது. சில வாரம் காய்ச்சல், சோர்வு, சோறு வேண்டாம் என்று ஒதுங்குவது எல்லாம் இருக்கும். அப்புறம் பல நாய்களுக்கு எல்லாம் அடங்கி, பழையபடி ஓடும், சாப்பிடும், கேட்டுக்கு வந்து குரைக்கும். ஆனால் கிருமி உள்ளேயே இருக்கலாம், மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில். மறுபடி அது கிளம்பும்போது சில நாய்களுக்கு எலும்பு மஜ்ஜையே இரத்த அணுக்களைச் சரியாக உற்பத்தி செய்யாது.

இரத்தம் உறைவதற்கு உதவும் பிளேட்லெட், நல்ல நிலையில் உள்ள நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 2 இலட்சத்திலிருந்து 5 இலட்சம் வரை இருக்கும். இந்த நோயில் அது கிடுகிடுவென்று இறங்கிவிடும். மூக்கில் இரத்தம் வருவது பெரும்பாலும் அதனால்தான். அது கண்ணுக்குத் தெரிகிற இரத்தம். வயிற்றுக்குள்ளேயோ மூளையிலோ கசிந்தால் வீட்டில் இருக்கும் யாருக்கும் தெரியாது. டாக்சிசைக்ளின் என்ற மருந்தை 28 நாள் கொடுப்பது வழக்கமான சிகிச்சை, ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் நன்றாகக் கேட்கும். மஜ்ஜை வரை போய்விட்ட நாய்க்கு ஒரு வேளை தவறாமல் கொடுத்தாலும் மருந்து கைகொடுக்காமல் போகலாம். போதாததற்கு, நாய் தன் வலியைக் காட்டிக்கொள்ளாது. முதல் நாள் உங்களைப் பார்த்து வாலாட்டியது என்றால், உங்களைப் பார்த்த சந்தோஷத்தில் ஆட்டியது. அதைப் பார்த்துத் தேறிவிட்டது என்று நினைக்காதவர் யார்?

அன்று இரவே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருக்குமா? பிழைத்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். நாயைப் பார்க்காமல் அப்படிச் சொன்னால் அது வெறும் ஆறுதல் வார்த்தை. ஆனால் நம்மைப் போன்ற சின்னப் பட்டணத்தில் நடுராத்திரி திறந்திருக்கும் கிளினிக் கிடைப்பது கஷ்டம். பெரிய ஊருக்குப் போனாலும், இரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் இரத்தம் கொடுக்க இன்னொரு ஆரோக்கியமான நாயை அந்த நேரத்தில் தேட வேண்டும். உங்கள் மனம் இப்போது காட்டுகிற படத்தில் இந்தக் கஷ்டம் எதுவும் இருக்காது. கார் உடனே கிளம்பும், டாக்டர் வாசலில் நிற்பார், ஊசி போட்டதும் நாய் எழுந்துவிடும்.

சம்பள விஷயம்தான் உங்களை அதிகமாக அரிக்கிறது என்று நினைக்கிறேன். மாசக் கடைசியில் கையில் இருக்கிற வெள்ளியை எண்ணி, அரிசி, பிள்ளைகளின் பஸ் காசு, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று பிரிப்பது தோட்டத்தில் வளர்ந்த எனக்கு நன்றாகவே தெரியும். இரத்தப் பரிசோதனை ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், போக வர எண்ணெய்க் காசு ஒரு பக்கம். காசு இருந்தும் "நாய்க்கு எதுக்கு" என்று இருந்தவரல்ல நீங்கள். ஒரு முறை கொண்டுபோய்க் காட்டி, மருந்து வாங்கி, அடுத்த முறைக்குக் காசு சேரட்டும் என்று காத்திருந்தவர். இதை எங்கள் கவுண்டரில் வந்து சொன்னால் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இல்லாமையைக் குற்றமாக உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

"எல்லாம் விதி, விட்டுவிடு" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பேச்சு கேள்வியை மூடுகிறதே தவிர பதில் தருவதில்லை. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகும்போது அவர் வெட்டும் மர வரிசையான நெரை வரைக்கும் கூடவே போகிற நாய் ஒன்று இருந்தது. சோர்ந்து கிடந்த ஒரு நாள் அதை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வருவதற்குள் செத்துவிட்டது. எதனால் என்று யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலத்து லயத்தில் யார் பார்ப்பார்கள்? "அன்னிக்கு நான் போகாம இருந்திருக்கணும்" என்று இன்றைக்கும் சொல்கிறார். அவரிடம் "இல்லப்பா, இதனாலதான்" என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு அந்த வழி இருக்கிறது. சிகிச்சை கொடுத்த டாக்டருக்குப் போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். முதல் நாள் இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எவ்வளவு இருந்தது, நோய் அப்போதே எந்த நிலையில் இருந்தது, மூக்கில் இரத்தம் வந்த அன்றே கொண்டுவந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார், அதில் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும், நாங்கள் எல்லாம் பார்த்ததுதான். அவர் சொல்வது முழுக்க உங்களுக்குச் சாதகமாக இல்லாமலும் போகலாம். அப்படியே இருந்தாலும், ராத்திரி படுக்கையில் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்கிற பதிலைவிட அது நிச்சயம் நியாயமாக இருக்கும்.

"நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். வைரவர் வாகனம் என்று கும்பிடுகிற வாயாலேயே இதையும் சொல்கிறார்கள்! பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நாயைத் தெரிந்தவர் யாராவது ஒருவரிடம் பேசுங்கள். தூக்கம் போய், வேலை ஓடாமல், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்ற ஆரம்பித்தால் மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-க்கு அழையுங்கள். நாய்க்காகவா அழைப்பது என்று கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று. வீட்டில் இரண்டாவது நாய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இறந்த உடம்பை விட்டு உண்ணி இறங்கிவிடும், அடுத்த உடம்பைத் தேடும். படுத்திருந்த சாக்கை எரித்துவிடுங்கள், சுவர் வெடிப்புகளைப் பாருங்கள், அங்கேதான் முட்டையிடும். நாய்மேல் மண்ணெண்ணெயைத் தடவவே தடவாதீர்கள், தோல் புண்ணாகும், நக்கினால் நஞ்சு. அந்த நாயின் ஈறு வெளுத்திருந்தாலோ, சிறுநீர் கறுப்புத் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றே கொண்டு போங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. முதலில் போன் செய்து எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள், இரண்டு தவணையில் கட்டலாமா என்றும் கேளுங்கள். எங்களிடம் அப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர்.