தீயில்லாமல் காயும் வினையூக்கி

கேள்வி: எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் இரும்புத் தோசைக்கல் காய்கிறது, ஆச்சி காலத்துப் பித்தளைச் சட்டி காய்வதே இல்லை. இதே முறையில் இரும்பு நானோ துகள்களைச் சூடாக்கி வேதிவினைகளை நடத்துவதாக, காரைக்குடியில் வேதியியல் படிக்கும் என் மகள் சொல்கிறாள். இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, தேவகோட்டை.

பதில்: கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்திக் காந்தப்புலம் உண்டாக்குவது வரை இரண்டும் ஒன்றே, சூடு பிறக்கும் விதம்தான் வேறு. தோசைக்கல்லின் அடியில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம், இரும்பின் மின்தடையால் வெப்பமாகிறது. பித்தளைக்கு மின்தடையும் குறைவு, காந்தத்தன்மையும் இல்லை என்பதால் சட்டி காய்வதில்லை. சில பத்து நானோமீட்டரே உள்ள துகளுக்குள் சுழல் மின்னோட்டம் சொல்லத்தக்க அளவில் எழுவதில்லை. விநாடிக்கு லட்சக்கணக்கான முறை திசைமாறும் புலத்தைத் துகளின் காந்தத்தன்மை சற்றுப் பின்தங்கியே தொடர்கிறது; காந்தத் தயக்கம் எனப்படும் இந்தப் பின்தங்கலில் இழக்கப்படும் ஆற்றலே வெப்பமாகிறது.

வழக்கமான உலையில் சுவர் காய்ந்து, வாயு காய்ந்து, அதன் பிறகே வினையை விரைவுபடுத்தும் பொருளான வினையூக்கிக்குச் சூடு எட்டும். இங்கோ வினையூக்கியோடு இருக்கும் துகளில், அதாவது வினை நடக்கும் இடத்திலேயே சூடு பிறப்பதால், மின்சாரம் வந்ததும் தொடங்கவும் நின்றதும் நிறுத்தவும் முடியும். வெயிலை நம்பிய சூரிய மின்சாரத்துக்கு இது தோதானது. ஜெர்மனியின் ஹனோவர் ஆய்வாளர்கள் 2008இல் இரும்பு ஆக்சைடு துகள்களைக் கொண்டு கரிமச் சேர்மங்களைத் தயாரித்துக் காட்டினார்கள். கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக்கும் வினைக்குப் பெயர் தந்தவரும், 1912இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருமான பால் சபாத்தியே பணியாற்றிய பிரான்சின் துலூஸ் நகரில், அதே வினையை இன்று இரும்புக் கார்பைடு துகள்களின் சூட்டில் நடத்துகிறார்கள்.

ஆனால் சூடு ஏற ஏறக் காந்தத்தன்மை தளர்ந்து, கியூரி வெப்பநிலையில் அடங்கிவிடும். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுக்கு அது ஏறத்தாழ 585 டிகிரி செல்சியஸ், இரும்புக்கு 770, கோபால்ட்டுக்கு 1,100க்கும் மேல். மீத்தேனையும் நீராவியையும் ஹைட்ரஜனாக்க 800 டிகிரிக்கு மேல் வேண்டியிருப்பதால்தான் அங்கே கோபால்ட் கலந்த உலோகக்கலவைகளை நாடுகிறார்கள். அந்தச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்து, வினைக்கான பரப்பை இழப்பது இன்னொரு தொல்லை.

சுற்றியுள்ள திரவம் குளிர்ந்திருக்கத் துகள் மட்டும் கொதிக்கும் என்று சிலர் எழுதுவதை நான் எளிதில் ஏற்கமாட்டேன். இவ்வளவு சிறிய துகளிலிருந்து வெப்பம் நொடிப்பொழுதில் திரவத்துக்குள் கடந்துவிடும். உங்கள் மகள் இத்துறையில் கட்டுரை எதையேனும் படித்தால், செலவான மின்சாரத்தில் எவ்வளவு துகள்களைச் சேர்ந்தது, எவ்வளவு கம்பிச்சுருளையே காயவைத்துக் குளிர்விப்பு நீரோடு போனது என்ற கணக்கை முதலில் தேடச் சொல்லுங்கள்.