14-இல் ஏறி 16-இல் இறங்கினால், 15-ஆம் தேதி எங்கே?

கேள்வி: ஜூன் 14 இரவு 10.30-க்கு லாஸ் ஏஞ்சலஸில் ஏறி, 16 காலை 6.30-க்கு சிட்னியில் இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. இரண்டு நாள் பயணமா? ஏஜென்ட், ஹோட்டலையும் மெல்போர்ன் விமானத்தையும் 15-ஆம் தேதிக்குப் போட்டிருக்கிறார். சரிதானா?

டிக்கெட் சரி. ஏஜென்ட் போட்ட இரண்டும் தப்பு. இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். பறப்பது சுமார் 15 மணி நேரம்தான். ஜூன் மாதத்தில் சிட்னி 17 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 32. பதினான்காம் தேதி இரவு 10.30-உடன் அதைச் சேர்த்துப் பாருங்கள், 16 காலை 6.30 வரும். பசிபிக் நடுவே தேதிக்கோட்டை (தேதி மாறும் கற்பனைக் கோடு) மேற்காகத் தாண்டுவதால் காலண்டரில் ஒரு தாள் கூடுதலாகக் கிழிகிறது. திரும்பும்போது அந்த நாள் கைக்கு வந்துவிடும்: சிட்னியில் காலை 10 மணிக்குக் கிளம்பி, அதே தேதி காலை 6.30 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவீர்கள். அச்சுப்பிழை அல்ல.

இவ்வளவையும் டிக்கெட்டில் '+2' (கிளம்பும் தேதியிலிருந்து இரண்டாம் நாள்) என்று எறும்பு அளவு எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். இறங்கும் தேதியை முழுதாக, பெரிதாக அச்சிட என்ன கேடு? பல ஏஜென்ட்டுகள் அதைப் பார்ப்பதே இல்லை. கிளம்பும் தேதியோடு ஒன்றைக் கூட்டி ஹோட்டல் போட்டுவிடுகிறார்கள். 15 இரவு நீங்கள் வராவிட்டால் 'நோ ஷோ' என்று மீதி நாட்களையும் ரத்து செய்துவிடக்கூடும். காலையிலேயே அறை வேண்டுமென்று 15-ஐ வைத்துக்கொள்வதானால், 16 காலைதான் வருவேன் என்று ஹோட்டலுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மெல்போர்ன் டிக்கெட் தனியாக எடுத்ததா என்று கேளுங்கள். தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை. "கனெக்ஷன்தான் சார்" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். இரண்டும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், குடியுரிமைச் சோதனை, பெட்டி, சுங்கம், உள்நாட்டு முனையத்துக்கு மாறுவது எல்லாவற்றுக்குமாகக் குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். தேதிக்கோட்டைத் தாண்டுவதற்கென்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு கட்டணமே கிடையாது.

ஒரு விதிவிலக்கு. விமானம் நள்ளிரவு தாண்டி 12.10-க்குக் கிளம்பினால் டிக்கெட்டில் 15-ஆம் தேதி என்றிருக்கும். '+2'-க்குப் பதில் '+1' வரும். இறங்குவது அதே 16 காலைதான். ஆனால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14 இரவு 9 மணிக்கு. "15-ஆம் தேதி இரவு" என்று நினைத்துப் போனால், விமானம் முந்தின இரவே போயிருக்கும். 12-க்கும் 1-க்கும் இடைப்பட்ட நேரம் எதைக் கண்டாலும், 'எந்த இரவு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்' என்று டிக்கெட் மேலேயே எழுதிவையுங்கள்.

வேளை தவறக்கூடாத மாத்திரை இருந்தால் தேதியைப் பார்க்காமல், மணி நேரத்தை எண்ணிப் போடுங்கள். இன்சுலின் என்றால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் அட்டவணை வாங்கிக்கொள்ளுங்கள்.