ஐரிஷ் மொழி நாட்டுப்பாட்டை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தினா அதோட உயிர் போயிடாதா?

போகவும் செய்யும், போகாமலும் இருக்கும், யார் கை வைக்கிறாங்கன்னு பொறுத்துதான். அங்க பழைய பாணிக்கு ஷான்-நோஸ்னு பேரு, அர்த்தமே 'பழைய வழி'தான். பக்கவாத்தியம் கிடையாது, ஒத்தை ஆள் குரல், நம்ம விருத்தம் மாதிரி தாளக்கட்டு இல்லாம இழுத்து, அங்கங்க சின்னச் சின்ன அசைவு போட்டு, ஒவ்வொரு சரணத்தையும் கொஞ்சம் வேற மாதிரி பாடுவாங்க. இதுக்கு அடியில பியானோ கார்டை (chord, பல சுரங்களை ஒண்ணா அடிக்கிறது) வச்சு சட்டம் போட்டா குரல் அதுக்குள்ள மாட்டிக்கும், பல ஆல்பத்துல நடக்கிறது இதுதான், சும்மா வயலினைக் கொட்டி இனிப்பாக்கிடுவாங்க.

ஆனா 1959ல ஐரிஷ் இசையமைப்பாளர் ஷான் ஓ ரீடா 'மிஷ எய்ரா' டாக்குமென்டரிக்குப் போட்ட இசையைக் கேளுங்க. 'ரோஷீன் டுவ்'ங்கிற பழைய பாட்டோட மெட்டை எடுத்து வார்த்தையே இல்லாம ஹார்ன்ங்கிற ஊதுகருவில வாசிக்க விட்டு, அப்புறம் முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவையும் கொண்டுவந்தாரு, அயர்லாந்துல அது பெரிய ஹிட். ஆனா பாருங்க, அதே மனுஷன் பிற்பாடு ஐரிஷ் பேசுற கூல் ஈ கிராமத்துக்கே குடி போயிட்டாரு!

இன்னொரு வழி இசையமைப்பாளர் டோனகா டென்னஹியோடது. 'க்ரா அகஸ் பாஸ்'ங்கிற அவரோட படைப்புல ஷான்-நோஸ் பாடகர் இயர்லா ஓ லினார்டை நடுவுல நிறுத்தி, கருவிங்க அவர் குரலைச் சுத்தி வளருற மாதிரி எழுதியிருக்காரு. எனக்கு இதுதான் பிடிச்சது, ஹெட்போன்ல கேளுங்க.