‘எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம்?’

கேள்வி: என் பேரன் ஏழாம் வகுப்பு. பஸ்ஸில் பையன்கள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களாம். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான். எங்கள் காலத்தில் இல்லாத கிண்டலா? அடியும் வாங்கினோம், திட்டும் வாங்கினோம். இன்று எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறோம்? – ஒரு வாசகர், நீடாமங்கலம்.

பதில்: அந்த ‘எல்லோரும்’ யார் ஐயா? சில வருஷத்துக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில் கூடினோம். பொங்கல், வடை, பழைய கதை. அங்கேயும் இதையேதான் சொன்னார்கள். நன்றாக இருக்கிறவர்கள்தானே அந்த மாதிரிக் கூட்டத்துக்கு வருவார்கள்?

வராத ஒருவனைச் சொல்கிறேன். அவனுக்குத் திக்குவாய். காலையில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ வராது, ‘உ... உ...’ என்று நிற்பான். பின் பெஞ்சு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும். வாத்தியார் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம் எங்களை அதட்டுவார். (நானும் எண்ணியிருக்கிறேன். ஒருநாள் ஏழு வரை போனது.) கொஞ்ச நாளில் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். பெயர் கூப்பிட்டு முடியும்வரை வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வருவான். வகுப்பில் இருப்பான், பதிவேட்டில் இருக்கமாட்டான். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. கணக்கில் எங்களில் அவன்தான் முதல்.

இதே சங்கதி கடைக்குள் வந்தால் ரூபாயாகத் தெரியும். கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வாடிக்கையாளர் முன்னாலேயே பையன்களை ‘மாடு’ என்பார். ஒரு தை மாதம், கல்யாணத்துக்கு எடுக்க வந்தவர்கள் பட்டுப்புடவையைப் பிரித்தால் மடிப்புக்குள் எண்ணெய்க் கறை. கறை பட்டுப் பல மாதம் ஆகியிருக்கிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் எடுத்திருக்கலாம். திட்டுக்குப் பயந்து அடுக்கின் அடியில் சொருகிவிட்டார்கள். பார்டரைப் பார்த்தே திருபுவனமா ஆரணியா என்று சொல்லும் பழைய ஆள் எதிர்க்கடைக்குப் போனார். அவர் பின்னாலேயே வாடிக்கைக் குடும்பங்களும் போயின. நண்பர் இன்னமும், ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி’ என்கிறார்.

சட்டத்தை நம்பி உட்கார முடியாது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதுவரை ராகிங்கும் ‘சும்மா விளையாட்டு’தான். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் எழுதவே நமக்கு 2021 ஆகிவிட்டது. ‘மாடு’ என்கிற முதலாளிக்கென்று தனிச் சட்டம் இன்னும் கிடையாது.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். ‘பழகிக்கொள்வான்’ என்று விடாதீர்கள். மதகில் உட்காரத்தான் பழகுவான். ‘நீ என்ன செய்தாய்?’ என்றும் ஆரம்பிக்காதீர்கள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்கள் என்று கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி அசையாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. திங்கட்கிழமை நீங்களும் அதே பஸ்ஸில் ஏறுங்கள். முன்னால் உட்காராதீர்கள், கடைசி சீட்டில் இடம் பிடியுங்கள்.