இஞ்சின் கேள்விகள்: மூன்று பேர் ஏறினால் போட் எழும்பாதது ஏன்?

கேள்வி: ஐயா, போன வருடம் 18 அடி ஃபைபர் போட் ஒன்றை 25 குதிரைவலு மண்ணெண்ணெய் இஞ்சினோடு பழையதாக வாங்கினேன். தனியாகப் போனால் நன்றாக ஓடுகிறது. மூன்று பேர், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏறிவிட்டால் அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறதே தவிர, எழும்பி ஓடுவதில்லை. புகை வேறு. பக்கத்து வாடிக்காரரிடமும் இதே இஞ்சின்தான், அவர் பாரத்தோடு என்னைத் தாண்டிப் போகிறார். 40 குதிரைவலு வாங்கு என்கிறார்கள். வாங்கவா? என் புரொப்பெலரில் 9⅞ × 13 என்று அடித்திருக்கிறது.
— வாசகர், மட்டக்குளி

பதில்: கடைசி வரியை எழுதினீர்களே, அதில் பாதி வேலை முடிந்தது. 40 வாங்கும் யோசனையைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

அந்த இரண்டு எண்களில் முதலாவது புரொப்பெலரின் விட்டம், அங்குலத்தில். அதை விடுங்கள், உங்கள் இஞ்சினுக்கு அது பெரும்பாலும் மாறாது. இரண்டாவதுதான் பிட்ச். பலகைக்குள் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்குப் புரொப்பெலர் எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்ற கணக்கு அது. தண்ணீர் பலகை இல்லை என்பதால் கொஞ்சம் நழுவும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். இஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் விகிதம் 2.08 (இஞ்சின் 2.08 சுற்றுக்குப் புரொப்பெலர் ஒரு சுற்று) என்று வைத்துக்கொண்டால் புரொப்பெலர் சுமார் 2,400 தடவை சுற்றும். 13 பிட்ச் என்றால் மணிக்கு 25 கடல் மைலுக்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு நழுவினாலும் 20 வரும். மூன்று பேரையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு உங்கள் 25 குதிரைவலு மணிக்கு 20 கடல் மைல் ஓடுமா? ஓடாது. போட் அந்த வேகத்துக்கு வராதபோது இஞ்சினும் 5,000க்கு ஏறாது, கீழேயே நின்று முக்கும். பாரம் ஏற்றிய லொறியைக் கடுகண்ணாவை ஏற்றத்தில் நாலாம் கியரிலேயே ஏற்றப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். அதற்குத்தான் அந்தப் புகை.

சும்மா மெதுவாகப் போகிறது என்பதோடு இது நிற்பதில்லை. கைப்பிடியை முழுக்க முறுக்கியும் சுற்று ஏறாத இஞ்சினில் கரி கட்டும், சூடு ஏறும், பிஸ்டன் போகும். முகத்துவாரத்தில் முப்பது வருடம் இஞ்சின் கழற்றிப் பூட்டியவன் நான். ஆரம்ப காலத்தில் ஒருவர் ‘வேகம் வேண்டும்’ என்று கேட்டார் என்பதற்காகப் பிட்ச் கூடிய புரொப்பெலரை மாட்டிக் கொடுத்தேன். துறைமுகத்துக்குள் வெறும் போட்டில் இரண்டு பேரும் ஒரு சுற்றுப் போனோம், பறந்தது. அவர் சந்தோஷமாகக் காசு கொடுத்தார். ஆறு மாதத்தில் அதே இஞ்சின் பிஸ்டன் பிடித்துத் திரும்பி வந்தது. குற்றம் என்னுடையது, பாரத்தோடு ஓட்டிப் பார்க்கவே இல்லை. அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். பாதிதான் கொடுத்தேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, பாரத்தோடு சுற்றை அளப்பது. பிளக் வயரில் சுற்றிக்கொள்ளும் சின்ன ஆர்பிஎம் மீட்டர் ஒன்று இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிள் பாகங்கள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். உங்களுடையது டூ ஸ்ட்ரோக் என்றால் மீட்டரில் ‘ஒரு சுற்றுக்கு ஒரு பொறி (ஸ்பார்க்)’ என்று வையுங்கள், இல்லாவிட்டால் பாதியையோ இரண்டு மடங்கையோ காட்டி ஏமாற்றும். வழக்கமான ஆட்கள், வலை, ஐஸ் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். கடல் அடங்கியிருக்கும் காலையில், கங்கை வாயைத் தாண்டி வெளியே போய், கைப்பிடியை முழுக்க முறுக்கி எண் நிலைத்து நிற்கும் வரை பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி அப்படியே அளந்துவிட்டு வராதீர்கள். மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அது நன்றாகப் பிடித்த பிறகு அளக்க வேண்டும். மண்ணெண்ணெயில் வலு குறைவு, தொழிலுக்கு நீங்கள் ஓட்டுவதும் அதில்தான்.

வந்த எண்ணை இஞ்சின் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இந்த அளவு டூ ஸ்ட்ரோக் இஞ்சின்கள் பலவற்றுக்கு முழு த்ரொட்டிலில் 4,500 முதல் 5,500 வரை என்று போட்டிருக்கும். உங்கள் புத்தகத்தில் வேறு இருந்தால் அதுவே சட்டம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். உங்களுக்கு 4,300 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பிட்ச் மாட்டினால் 4,750க்கும் 4,900க்கும் இடையில் வந்து நிற்கும். என் ஊகம், நீங்கள் 10க்கோ 11க்கோதான் போவீர்கள். பக்கத்து வாடிக்காரரின் புரொப்பெலரையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள், பதில் அங்கேயே அடித்திருக்கலாம்.

பிட்ச் குறைத்த பிறகு தனியாகப் போகும்போது இஞ்சின் 5,500ஐத் தாண்டப் பார்க்கும். அப்போது கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தனியாகப் போகும் வேகத்தில் கொஞ்சம் குறையும், அதைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது? 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆன நாளை யாரும் மறந்திருக்க மாட்டோம். எழும்பாமல் உழுகிற போட் குடிக்கிற எண்ணெய்க்குக் கணக்கே இல்லை.

காசு கொடுக்கும் முன் போட்டைக் கரையேற்றி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சிப்பியும் பாசியும் பிடித்திருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், சில நேரம் அதிலேயே சில நூறு சுற்று கூடிவிடும். கடைக்குப் போகும்போது பழைய புரொப்பெலரையும் கையோடு கொண்டு போங்கள். 25 குதிரைவலு என்று சொன்னால் போதாது, கம்பனிக்குக் கம்பனி தண்டின் பல் எண்ணிக்கை மாறும்.

கேள்வி: அலுமினியத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெலர் போட்டால் நல்லதா?
— வாசகர், நீர்கொழும்பு

பதில்: வேகப் போட்டிக்குப் போகிறீர்களா? இல்லையென்றால் வேண்டாம். ஸ்டீலில் இலை மெல்லியதாக இருக்கும், வளையாது, கொஞ்சம் வேகம் கூடும், உண்மைதான். விலையோ பல மடங்கு. களப்பு வாயில் மணல் மேடும் மிதக்கும் கட்டையும் உள்ள இடத்தில் அலுமினிய இலை முதலில் வளையட்டும். ஸ்டீல் வளையாமல் நின்றால் அந்த அடி கியருக்குப் போகும். அலுமினியப் புரொப்பெலர் ஒன்றை வாங்கி மாற்றலாம், கியர் பெட்டியைத் திறந்தால் செலவு எங்கே நிற்கும் என்று நானே சொல்ல மாட்டேன்.

கேள்வி: இஞ்சின் அலறுகிறது, போட் நகரவில்லை. பொல்கொடையில் போன ஞாயிறு வரை நன்றாக ஓடியது. புரொப்பெலர் சின்னதாகிவிட்டதா?
— வாசகர், மொரட்டுவை

பதில்: புரொப்பெலர் சின்னதாகாது. வளைவில் திரும்பும்போது மட்டும் அலறினால், மேலிருந்து காற்றை இழுக்கிறது. புரொப்பெலருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு போட்டின் அடிமட்டத்தோடு ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஏறியிருந்தால் இஞ்சினை இறக்குங்கள்.

நேராகப் போகும்போதும் அலறுகிறது என்றால், புரொப்பெலரின் நடுக் குடத்துக்குள், உள்குடத்தையும் வெளிக்குடத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் றப்பர் விட்டிருக்கும். வீட்டில் நகப் பூச்சு இருக்கும், கேட்டு வாங்குங்கள். உள்குடத்திலிருந்து வெளிக்குடத்துக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் றப்பர் போய்விட்டது. மெதுவாகக் கரைக்கு வாருங்கள், த்ரொட்டிலை முறுக்கினால் மிச்சமும் போகும்.

கழற்றும்போது தண்டின் அடியில் தங்கூசி நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது தண்ணீரைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்தால், தண்ணீர் புகுந்து கியர் எண்ணெய் பால் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். தண்டுக்குக் கிறீஸ் பூசி, புதிய ஸ்பிளிட் பின் போட்டுப் பூட்டுங்கள். பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம்.